இரண்டு கையுறைகள்

இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. ரோமானியர் காலத்தில் அது சூலிஸ் மினர்வா தேவியின் ஊற்று. 1979-80இல் அங்கே தோண்டியபோது சுமார் 130 தகடுகள் கிடைத்தன. ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. பெரும்பாலும் திருடனுக்கு விட்ட சாபங்கள்! லத்தீனில் கீறி, சுருட்டி, தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். சிலர் எழுத்துகளைத் திருப்பிப் போட்டும் எழுதினார்கள்.

டோசிமெடிஸ் என்பவர் தொலைத்தது இரண்டு கையுறைகள். எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று தேவியிடம் கேட்கிறார். படித்ததும் மனசு கனத்துப்போனது. அந்தக் குளிரில் கையுறை சின்னப் பொருளா என்ன? திருடன் யாரென்று தெரியாததால், ‘ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ’ என்று ஒருவரையும் விடாமல் எழுதிய தகடுகளும் இருக்கின்றன. பொதுக் குளியல் கூடத்தில் மேலாடையைக் களவுகொடுத்தவர்களும் அப்படித்தான் தேவியிடம் முறையிட்டார்கள்.