படகு ரெடி, பேப்பர்தான் ரெடி இல்லை

மே முதல் சனிக்கிழமை வாடகைக்காரர்கள் ஏறவேண்டியிருந்தது. ஏப்ரல் பாதி தாண்டியும் என் படகு சட்டப்படி எந்த நாட்டுப் படகாகவும் இருக்கவில்லை. ஜெர்மன் கொடியை இறக்கியாகிவிட்டது, குரோஷியக் கொடி இன்னும் ஏறியிருக்கவில்லை. யாட் வாங்கி சார்ட்டருக்கு, அதாவது சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு, விடலாம் என்று நினைப்பவர்கள் விலையையும் வருமானத்தையும்தான் கணக்குப் போடுகிறார்கள். நானும் அவற்றைப் பற்றி எழுதுகிறேன், ஆனால் பின்னால். என்னை அலையவிட்டது காகிதங்கள்தான்.

இருப்பது மியூனிக்கில். கடலில் படகோட்டும் லைசென்ஸ், ரேடியோ லைசென்ஸ், வங்கிக் கடன், அக்டோபரில் குரோஷியாவின் பியோகிராட் படகுக் கண்காட்சியில், உரிமையாளர் சார்பில் படகை வாடகைக்கு விடும் நிர்வாக நிறுவனங்களோடு பேச்சு, எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. குரோஷியாவின் டால்மேஷியக் கரையில் ஒரு மரீனாவில் (படகு நிறுத்துமிடத்தில்), 41 அடி, ஆறு வயதுப் பாய்மரப் படகு ஒன்று அமைந்தது. விற்றவர் ஒரு ஜெர்மானியர், தனிநபர். தனிநபரிடம் வாங்கினால் விலையில் கழித்துக்கொள்ள வாட் வரி எதுவும் இருக்காது, வாடகையிலோ வாட் கட்டியாகவேண்டும். வாங்குவதற்கு முன்பே இதை ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

வாங்கும் முன் படகைப் பரிசோதிக்கும் சர்வேக்கு நிர்வாக நிறுவனமோ விற்பவரோ காட்டும் ஆளை வைக்காதீர்கள். நான் வைத்த சர்வேயர் வயதானவர், பேச்சு குறைவு. கிரேனில் படகைத் தூக்கியதும் ஈரமானியை வைத்துவிட்டு, "இப்போது காட்டும் அளவை நம்பாதே, காயட்டும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். கீலுக்கு (படகின் அடியில் தொங்கும் கனமான துடுப்புக்கு) நேர் பின்னால் உள்ள தரைப்பலகையைக் கழற்றி, அடியில் தேங்கியிருந்த எண்ணெய்த் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். குறுக்குச் சட்டத்தின் மூலையில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். "பெயிண்ட் வெடிப்பு" என்றார் விற்பவர். சர்வேயர் சின்னச் சுத்தியலால் இரண்டு இடத்தில் தட்டினார்: ஓரிடத்தில் கணீரென்றது, விரிசலருகே மொத்தென்றது. எப்போதோ பாறையில் கீல் இடித்திருக்கிறது. கீல் முன்னால் இடித்தால் அதன் பின்முனை மேல்நோக்கி அழுத்தும், அதனால் அடி பின்பக்கம்தான் விழும். இந்த ஒரு விரிசலில் சர்வே கூலியைப் போலப் பல மடங்கு விலை இறங்கியது. எஞ்சினின் விசையைப் படகின் அடிவழியாக புரொப்பல்லருக்குக் கொண்டுபோகும் பாகம் செயில்டிரைவ். அதன் ரப்பர் வளையத்தை ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது எஞ்சின் தயாரிப்பாளரான வோல்வோ பென்டா. படகைக் கரையேற்றிச் செய்யவேண்டிய வேலை, எங்களுக்கு அடுத்த வருடமே வருகிறது. அதையும் பேரத்தில் சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கொடி. நிர்வாக நிறுவனம் குரோஷியக் கொடிதான் வேண்டும் என்றது. ஊரில் நிலம் வாங்கினால் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். ஜெர்மனியில் 15 மீட்டருக்குள் இருக்கும் படகைக் கப்பல் பதிவேட்டில் ஏற்றவேண்டிய கட்டாயமே இல்லை, ஆகவே வில்லங்கம் பார்க்கவும் இடமில்லை. விற்றவரிடம் இருந்தது ஹாம்பர்க்கில் உள்ள கடல்சார் அலுவலகம் தரும் கொடிச் சான்றிதழ் மட்டும். எட்டு வருடம் செல்லும், சொத்துரிமைக்குச் சான்று ஆகாது.

துறைமுக அலுவலகத்தில் (ஊர் பெயர் வேண்டாம்) அந்த அம்மா கோப்பைப் புரட்டிவிட்டு, பழைய பதிவேட்டிலிருந்து நீக்கிய சான்றிதழ் எங்கே என்றார். பதிவே செய்யாத படகை எங்கிருந்து நீக்குவது என்றேன். "அப்படியானால் பதிவு செய்யவில்லை என்று எழுதி வாங்கி வா." அவர் கேட்டது நியாயம்தான், இப்போது ஒத்துக்கொள்கிறேன். அன்று மியூனிக்கிலிருந்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்திருந்தேன், நியாயமெல்லாம் மண்டையில் ஏறவில்லை. என்னென்ன காகிதம் வேண்டும் என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டபோது ஒரு வரி பதில்கூட வரவில்லை என்பதுதான் இன்னும் எரிகிறது.

கப்பல் பதிவேடு வைத்திருக்கும் நீதிமன்றத்திலிருந்து 'எங்கள் பதிவேட்டில் இல்லை' என்று ஒரு கடிதம். கொடிச் சான்றிதழை ரத்து செய்ததாக இன்னொரு கடிதம். ரத்து செய்ய அசல் வேண்டும் என்றார்கள், விற்றவருக்கோ அது எங்கே என்று தெரியவில்லை. வீடெல்லாம் தேடியதாகச் சொன்னார். கடைசியில் படகிலேயே, வரைபட மேசைக்குள், கழிப்பறைப் பம்பு கையேட்டுக்கு அடியில் கிடந்தது. மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன் எல்லா அசல்களையும் மேசையில் வைத்து எண்ணிப் பாருங்கள்.

இரண்டு கடிதங்களையும் நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கவேண்டும். அவர் மொழிபெயர்ப்பையும் மூலத்தையும் சேர்த்து ஓட்டை போட்டு, சிவப்பு வெள்ளை நீல நூலால் கட்டி, நூலின் முனைகளை ஒட்டி அதன்மேல் முத்திரை குத்தித் தருவார். அந்தக் கட்டு பிரியக்கூடாது. என் நிர்வாக நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிள்ளை, ஸ்கேனரில் தாள் சரியாகப் படியவில்லை என்று நூலை உருவி, ஸ்கேன் செய்து, அழகாக ஸ்டேப்ளர் அடித்து என்னிடம் கொடுத்தது. துறைமுக அலுவலக அம்மா தாளைப் படிக்கவே இல்லை. ஓரத்தில் இருந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி மொழிபெயர்ப்பாளர், மறுபடி காசு, நடுவில் ஈஸ்டர் விடுமுறை வேறு. செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டது, நாட்களை யார் தருவார்?

அடுத்தது பெயர். இது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. ஜெர்மன் குடியுரிமை வாங்கியபோது அப்பா பெயரைக் குடும்பப் பெயராக அறிவித்தேன். அதற்கு முன் எடுத்த படகு லைசென்ஸில் இரண்டும் இடம் மாறி இருக்கின்றன. விற்பனைப் பத்திரத்தில் விற்றவர் நட்பாக இன்ஷியல் போட்டுவிட்டார். குரோஷிய வரி எண்ணான ஓ.ஐ.பி. வாங்குவது சுலபம், பாஸ்போர்ட்டில் உள்ளபடி வந்தது. ஆக ஒரு படகுக்கு மூன்று உரிமையாளர்கள்! பெயர் அறிவிப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து, அதற்கும் ஒரு நூல் கட்டிக் கொடுத்தபிறகுதான் மூவரும் ஒருவரானோம். முதல் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். இன்ஷியல் வேண்டவே வேண்டாம்.

அதேபோல, படகின் பின்பக்கம் வலது ஓரத்தில் உடல் எண் பொறித்திருக்கும். அதையும் எஞ்சின் எண்ணையும் நீங்களே போட்டோ எடுத்து, பத்திரத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கள் பத்திரத்தில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்ததைக் கையெழுத்துக்கு முந்தின ராத்திரி கண்டுபிடித்தேன். இந்தக் கதையில் நான் ஜெயித்த இடங்களில் இது ஒன்று.

கொடி மாறினால் ரேடியோவில் படகை அடையாளம் காட்டும் எம்.எம்.எஸ்.ஐ. எண்ணும் மாறும் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். ஜெர்மன் எண் 211 என்று தொடங்கும், குரோஷிய எண் 238. எங்கள் வி.எச்.எஃப். ரேடியோவில் அந்த எண்ணை ஒருமுறைதான் பதிக்க முடியும், மாற்ற வேண்டுமானால் டீலர் கைபட வேண்டும். ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் ஈபர்ப் கருவிக்குள்ளும் பழைய எண்தான். அப்படியே விட்டால், அட்ரியாட்டிக்கில் படகு ஆபத்தில் இருக்கும்போது மீட்பு மையம் பழைய உரிமையாளரை ஜெர்மனியில் எழுப்பும். ஏப்ரலில் அந்தக் கரையில் ரேடியோ டெக்னீஷியனைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. பிப்ரவரியிலேயே நாள் வாங்கி வையுங்கள்.

இனி பணம். வருமானத்தில் 65 சதவீதம் உரிமையாளருக்கு என்றுதான் எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. எந்த வருமானத்தில் என்பதை இரண்டாம் பக்கம் சொல்கிறது. ஒரு பேச்சுக்கு, வாரம் 3,000 யூரோ என்று விலைப்பட்டியலில் போட்டிருக்கிறது என்று வையுங்கள். முன்பதிவுத் தள்ளுபடி 20 சதவீதம் போனால் 2,400. அதற்குள் அடங்கிய 13 சதவீத வாட் 276. ஏஜென்ட் கமிஷன் 20 சதவீதம் என்றால் 480. மிச்சம் 1,644, அதில்தான் 65 சதவீதம்: ஏறக்குறைய 1,070 யூரோ. 1,950 வரும் என்று நினைத்துக்கொண்டு கடன் தவணை கணக்குப் போட்டுவிடாதீர்கள். மரீனா இடவாடகை, இன்சூரன்ஸ், குளிர்காலப் பராமரிப்பு எல்லாம் அந்த 1,070-இலிருந்துதான். நிலையான தொகை தருகிறோம் என்ற நிறுவனங்களும் உண்டு. தொகை குறைவு, தூக்கம் அதிகம். எனக்குப் பங்கு முறைதான் சரிப்பட்டது.

இன்சூரன்ஸில் இரண்டு கேள்வி கேளுங்கள். வாடகைக்கு எடுத்தவரே படகோடு மறைந்துவிட்டால் பணம் வருமா? சாதாரணத் திருட்டுக் காப்பீட்டில் இது அடங்காமல் போகலாம். அடுத்தது, சேதத்தில் உரிமையாளர் ஏற்கவேண்டிய தொகையும் வாடகைக்காரர் கட்டும் டெபாசிட்டும் ஒன்றா? முதல் பாலிசி வரைவில் எனக்கு 3,000, அவர்கள் டெபாசிட் 2,000. நடுவில் இருக்கும் ஆயிரம் ஒவ்வொரு இடிக்கும் என் பாக்கெட்டிலிருந்து போயிருக்கும். பேசிச் சமமாக்கினேன்.

கொடி கடைசியில் ஏறியது, புதன்கிழமை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முதல் குழு ஏறியது. சீசன் முழுக்கப் பெரிய விபத்து எதுவும் இல்லை. நிறுவனம் அனுப்பிய வருடக் கணக்கில் டிங்கியின் (கரைக்குப் போய்வரும் சின்னப் படகின்) எஞ்சினுக்குப் புது புரொப்பல்லர் என்று ஒரு தொகை இருக்கிறது. எந்த வாரம் உடைந்தது, அந்த வாரக்காரரின் டெபாசிட்டில் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்தால்தான் கையெழுத்து.