என்ஆர்எஃப்52840 சில்லில் வாட்ச்டாக்: செஃபிர் இயங்குதளத்தில் செய்து பார்த்தது

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து புளூடூத் வழியாக அறிவிக்கும் சிறு கருவியொன்றை, நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52840 சில்லில் செஃபிர் இயங்குதளத்தைக் கொண்டு அமைத்து வருகிறேன். கருவி உறைந்து நின்றால் ஒவ்வொரு முறையும் மாடியேறி மின்னிணைப்பைத் துண்டித்துக் கொடுக்க முடியாது. அது தானாகவே மீண்டெழ வேண்டும். ஆகவே இந்தக் கட்டத்தில் வாட்ச்டாக் டைமரைச் சேர்த்திருக்கிறேன். நிரல் குறித்த காலவரம்புக்குள் அதற்குக் குறிப்புத் தராவிட்டால் (குறிப்புத் தருவதை ஃபீட் செய்வது என்பார்கள்) அது சில்லை ரீசெட் செய்துவிடும்.

வாட்ச்டாக்கைக் கையாளும் டிரைவர் மென்பொருளை இயக்குவது எளிது. கட்டமைப்புக் கோப்பில் வாட்ச்டாக் தெரிவை இயக்கி, முதலில் தேவையான சேனல்களை (தனித்தனியே ஃபீட் செய்ய வேண்டிய வழிகளை) பதிவு செய்துவிட்டு, பிறகு டைமரைத் தொடங்க வேண்டும். இந்த வரிசை முக்கியம், ஏனெனில் தொடங்கிய பின் புதிய சேனல் சேர்க்கவோ டைமரை நிறுத்தவோ இந்தச் சில்லு இடம் தருவதில்லை. வாட்ச்டாக்கின் எண்ணி (கவுன்டர்) 32768 ஹெர்ட்ஸில் ஓடும் 32 பிட் எண்ணி என்பதால், காலவரம்பை 36 மணி நேரம் வரைகூட நீட்டலாம். ஆனால் எட்டுச் சேனல்களுக்கும் சேர்த்து ஒரே காலவரம்புதான். ஒன்றுக்கொன்று மாறுபட்ட மதிப்புகளைக் கொடுத்தால் டிரைவர் பிழை காட்டி மறுத்துவிடும். என் த்ரெட்களில் (நிரலுக்குள் தனித்தனியே ஓடும் பணிகளில்) மிக மெதுவானது 20 விநாடிக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அளப்பது. அதை வைத்து 45 விநாடி என முடிவு செய்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு இதைவிட அவசரம் தேவையில்லை.

டைமரை எங்கிருந்து ஃபீட் செய்வது என்பதுதான் இதில் உண்மையான கேள்வி. டைமர் இன்டரப்ட் (குறித்த இடைவெளியில் மற்ற வேலைகளை இடைமறித்து ஓடும் நிரல்பகுதி) ஒன்றிலிருந்து ஃபீட் செய்தால் நிரல் சுருக்கமாக அமையும். ஆனால் அளவீட்டு த்ரெட்டை என்றும் கிடைக்காத செமஃபோர் (த்ரெட் தொடர்வதற்கான அனுமதிக் குறி) ஒன்றுக்காகக் காத்திருக்கும்படி வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தபோது, இன்டரப்ட் தன் போக்கில் ஃபீட் செய்துகொண்டே இருந்தது. கருவியும் பழைய நீர்மட்டத்தையே அறிவித்துக்கொண்டிருந்தது. வேலை நின்றுபோனதை வாட்ச்டாக் அறிய வழியே இல்லை. எனவே அளவீடு, புளூடூத் அறிவிப்பு, முதன்மைச் சுழற்சி ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சேனல் கொடுத்து, ஒவ்வொன்றும் தன் சுற்றை முடித்த இடத்தில் மட்டும் ஃபீட் செய்யும்படி மாற்றினேன். இயக்கப்பட்ட சேனல்கள் அனைத்தும் ஃபீட் ஆனால்தான் எண்ணி மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பது இந்தச் சில்லின் அமைப்பு. ஒரு த்ரெட் நின்றாலும் போதும், ரீசெட் நிகழ்ந்துவிடும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியவை டைமரைத் தொடங்கும்போது தரும் தெரிவுகள். டீபக்கர் (நிரலில் பிழை தேடும் கருவி) பிராசஸரை நிறுத்தும்போது வாட்ச்டாக்கும் நிற்க வேண்டும் என்னும் தெரிவை வைத்துக்கொண்டேன். அது இல்லையென்றால் பிரேக்பாயின்டில் நின்று நிதானமாக எதையும் ஆராய முடியாது. தூக்கத்தில் டைமர் நிற்கும் தெரிவு மின்கலத்தில் இயங்கும் கருவிக்குப் பொருத்தமானது போலத் தோன்றும்; உண்மையில் அது ஆபத்தானது. மூன்று த்ரெட்களும் ஒன்றுக்காக ஒன்று காத்து முடங்கிவிட்டால், செய்ய வேலை ஏதும் இல்லாததால் செஃபிர் பிராசஸரைத் தூங்க வைத்துவிடும். அத்துடன் வாட்ச்டாக்கும் நின்றுவிடும். அத்தகைய முடக்கத்தை உண்டாக்கிப் பார்த்தேன். அந்தத் தெரிவு இருந்தபோது 45 விநாடி கடந்து வெகு நேரமாகியும் கருவி மீளவில்லை. நீக்கிய பிறகு குறித்த நேரத்தில் ரீசெட் ஆனது.

எந்த த்ரெட் நின்றது என்பதையும் அறிய விரும்பினேன். காலவரம்பு முடிந்ததும் ரீசெட்டுக்கு முன் ஓர் இன்டரப்ட் வருகிறது, ஆனால் இடையே இருப்பது 32768 ஹெர்ட்ஸ் கடிகாரத்தின் இரண்டு துடிப்புகள், அதாவது ஏறத்தாழ 61 மைக்ரோவிநாடி மட்டுமே. 115200 வேகத்தில் சீரியல் வழியாக ஓர் எழுத்தை அனுப்பவே 87 மைக்ரோவிநாடி ஆகும் என்பதால் செய்தி அச்சிடும் எண்ணத்தைக் கைவிட வேண்டும். 64 மெகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு அந்த 61 மைக்ரோவிநாடி சுமார் 3900 சுழற்சிகள். ஃபீட் ஆகாத சேனலின் எண்ணை, தொடக்கத்தில் அழிக்கப்படாத ரேம் பகுதியில் எழுதிவைக்க அது தாராளம். ரீசெட்டுக்குப் பின் ரேம் சிதைந்திருக்கவும் கூடும் என்பதால் கூடவே ஒரு சரிபார்ப்பு எண்ணையும் எழுதுகிறேன். மீண்டும் தொடங்கியதும் ரீசெட் காரணத்தைப் படித்து, வாட்ச்டாக் என்றிருந்தால் இந்தக் குறிப்பையும் பதிவில் சேர்க்கிறேன். வாட்ச்டாக் ரீசெட் ஆகியும் குறிப்பு இல்லையென்றால், இன்டரப்ட்கள் அடைக்கப்பட்ட நிலையில் நிரல் சிக்கியிருக்கலாம் என்பதே என் முதல் ஊகம்.

உணரி பழுதானால் ஃபீட் செய்வதை நிறுத்தலாமா என்றும் யோசித்தேன். கூடாது என்பதே என் கருத்து. பழுதான உணரியை ரீசெட் சரிசெய்யாது. கருவி ஓயாமல் ரீசெட் ஆகிக்கொண்டிருக்கும், பழுதை அறிவிக்கும் வாய்ப்பும் போய்விடும். அளவீடு தோற்றாலும் த்ரெட் சுற்றை முடித்தால் ஃபீட் செய்து, பழுதைப் புளூடூத் செய்தியில் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சியிருப்பது மென்பொருள் புதுப்பிப்பு. மென்பொருள் வழி ரீசெட் இந்தச் சில்லின் வாட்ச்டாக்கை நிறுத்துவதில்லை. சில்லு தொடங்கும்போது முதலில் ஓடும் எம்சியுபூட் என்னும் பூட்லோடர் புதிய நிரலை இடம் மாற்றிக்கொண்டிருக்கும்போதும் எண்ணி ஓடிக்கொண்டிருக்கும். எம்சியுபூட்டுக்குள்ளிருந்தே ஃபீட் செய்யும் தெரிவை இயக்கியிருக்கிறேன். இடம் மாற்றும் நேரம் 45 விநாடியைத் தாண்டும்படி பெரிய நிரல் ஒன்றை ஏற்றி அதைச் சோதிப்பது அடுத்த வேலை.