"பரவாயில்லைன்னு ஒரு நம்பர் இல்ல சார்"

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு, நடைப்பயிற்சியை மருத்துவமனையிலேயே டிரெட்மில்லில் தொடங்கி வைத்தார்கள். நாடித்துடிப்பை வைத்துத்தான் வேகத்தைக் கூட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். பிசியோதெரபிஸ்ட் பெண் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். 6 முதல் 20 வரை எண்கள். 6 என்றால் சிரமமே இல்லை, 11 லேசு, 13 கொஞ்சம் கஷ்டம், 17 ரொம்பக் கஷ்டம், 20 இதற்கு மேல் முடியாது. நான் 11-க்கும் 13-க்கும் நடுவில் நடக்க வேண்டும்.

ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் 1960களில் உருவாக்கிய அளவுகோல் இது. ஆரோக்கியமான இளைஞர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய நாடித்துடிப்பு ஏறக்குறைய வந்துவிடும். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நான் சாப்பிடும் மெட்டோப்ரோலால் மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். வாட்ச்சில் துடிப்பு குறைவாகத் தெரியும்போதே உடம்பு நன்றாகச் சிரமப்பட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் என்னைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எவ்வளவு சார்?"

"பரவாயில்லைம்மா."

"பரவாயில்லைன்னு ஒரு நம்பர் இல்ல சார்."

அந்த எண்ணைச் சொல்லப் பழகுவதுதான் இதில் பெரிய வேலை. முதலில் எல்லாம் சேர்ந்து ஒரே களைப்பாகத்தான் தெரிந்தது. மூச்சு எப்படி, கெண்டைக்கால் எப்படி, வியர்வை எப்படி என்று அவர் தனித்தனியாகக் கேட்கக் கேட்கத்தான் பிரித்துப் பார்க்க வந்தது. கால் கனப்பது, உழைக்கும் தசைக்குள் நடக்கும் ரசாயன மாற்றத்தை அங்குள்ள மெல்லிய நரம்புகள் மேலே சொல்லி அனுப்புவது. மூச்சு வாங்குவதற்குப் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்தது காரணமில்லை. ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும் அவசரம் அது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம் என்றார். நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ வந்தால் எண் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே நின்றுவிட வேண்டும். இதை மட்டும் அவர் ஒவ்வொரு முறையும் திரும்பச் சொன்னார்.

பிறகு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நானே நடக்க ஆரம்பித்தேன். அதே வேகம், அதே சுற்று. விடியற்காலையில் 11, சித்திரை வெயில் ஏறிவிட்டால் 14. சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்கும் போக வேண்டியிருப்பதால் இதயத்துக்கு வேலை கூடுகிறது. இது புரிந்தது. ஆபீஸில் ஆடிட் முடித்து வந்த ஒரு சாயங்காலம், நல்ல காற்று இருந்தும் முதல் சுற்றிலேயே 14 வந்ததுதான் புரியவில்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது அந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டேன். மார்கோரா என்ற ஆய்வாளரின் குழு 2009-இல் வெளியிட்ட சோதனையைச் சொன்னார். 90 நிமிடம் மூளைக்குக் கடும் வேலை கொடுத்துவிட்டு சைக்கிள் மிதிக்கச் சொன்னபோது, இதயமும் நுரையீரலும் எப்போதும் போலத்தான் இயங்கின. ஆனால் மிதித்தவர்களுக்குச் சிரமம் கூடுதலாகத் தெரிந்தது, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். உடம்பு அனுப்பும் செய்தியை எடைபோடும் மூளையும் களைத்துப்போகும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அன்று இதயம் மறுபடி கெட்டுவிட்டதோ என்று பயந்தே போயிருந்தேன். இப்போது அப்படிப்பட்ட நாட்களில் வேகத்தைக் குறைத்து 12-லேயே நடக்கிறேன். முடிக்கும்போதும் சட்டென்று நிற்பதில்லை. நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும்.

அடுத்த செக்கப்பில் டிரெட்மில் டெஸ்ட் இருக்கிறது. அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு நடந்தே ஏறலாமா என்று கேட்கப்போகிறேன்.