இரண்டு வயதுக் கைக்கு என்ன வேலை?

எங்கள் அங்கன்வாடியில் பிள்ளைகள் கையில் போன் கொடுப்பதில்லை. சில அம்மாக்களுக்கு இதில் வருத்தம். "வீட்டில் போன் பார்த்துத்தான் சாப்பிடுவான் டீச்சர், இங்கே பட்டினி கிடப்பானே" என்பார்கள். கிடப்பதில்லை. பக்கத்துப் பிள்ளை முட்டையை எடுத்துக் கடிப்பதைப் பார்த்தால் தானும் கடிக்கிறான்.

போனே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். நிறைய வீடுகளில் அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். பிள்ளைக்கு அப்பா முகம் தெரிவதே வீடியோ காலில்தான். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், சொந்தக்காரர்களுடன் வீடியோ கால் மட்டும் பேசலாம் என்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அப்பாவிடம் பேசும்போது இந்தப் பக்கம் பிள்ளை சிரித்தால் அந்தப் பக்கம் அவரும் சிரிக்கிறார். பாட்டு வீடியோ அப்படிச் சிரிக்காது.

பெட்ரீஷியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகள் பிடிபட்டன. அதே ஆட்களை டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. டச் போன் தொட்டால் அசைகிறதே என்று கேட்கலாம். விரல் பட்டதற்கு அசைகிறது, சரி. பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இந்த வருஷம் சேர்ந்த ஒரு பெண் குழந்தைக்கு இரண்டரை வயது. விளம்பரம் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தள்ளிவிடும் என்று பாட்டிக்குப் பெருமை. அவள் முன்னால் புளியங்கொட்டையையும் கொட்டாங்குச்சியையும் வைத்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவில்லை, கைநிறைய அள்ளி அள்ளிப் போட்டாள். தினமும் வைத்தேன். இப்போது ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுகிறாள், நடுவில் ஒன்றை என்னிடம் நீட்டி "இது குண்டு" என்கிறாள்.

புளியங்கொட்டை விளையாட்டுக்கு ஆள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும், வாயில் போட்டுவிட்டால் ஆபத்து. போனுக்கு ஆள் வேண்டாம். வீட்டிலும் மையத்திலும் அது நுழைவது இந்த வழியில்தான். உதவியாளர் அடுப்படிக்குப் போய்விட்டால் நான் ஒருத்திதான். வருகை, எடை, உயரம் எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகே போனை எடுப்பது என்று வைத்திருக்கிறேன், என் கையில் அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் விட மாட்டார்கள்.

போன மாதக் கூட்டத்தில் ஒரு டீச்சர், "தனியார் பள்ளியில் பெரிய திரை இருக்கிறது, நாமும் வைக்காவிட்டால் பிள்ளைகள் அங்கே போய்விடும்" என்றார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் எழுதிக் கேட்பதென்றால் திரைக்குப் பதில் மையத்துக்கு இன்னொரு ஆளைக் கேட்போம் என்றேன். சிலர் தலையாட்டினார்கள். மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது, இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.