ஏழில் நிறுத்த வேண்டும்

2025 மார்ச் 3, திங்கள்
விந்து முந்துதல் என்றதும் வரும் முதல் கேள்வி, "எத்தனை நிமிஷம் தாங்கணும்?" 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கத் தம்பதிகள் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தார்கள். உறுப்பு உள்ளே போனதிலிருந்து விந்து வரும்வரை, நடு அளவு 5.4 நிமிடம். அரை மணி நேரமெல்லாம் வீடியோவில்தான்.

முதல் உறவிலிருந்தே சுமார் 1 நிமிடத்துக்குள் வந்துவிடுவது ஒரு வகை. நன்றாக இருந்தவருக்கு 3 நிமிடமோ அதற்கும் கீழோ குறைந்துபோவது இன்னொரு வகை. எதுவானாலும், தள்ளிப்போட முடியாமையும் அதனால் மனவேதனையும் சேர்ந்திருந்தால்தான் அது கோளாறு. நாலைந்து நிமிடம் தாங்குகிறவருக்கு மருந்து தேவையில்லை.

மார்ச் 5, புதன்
இடையில் வந்த கோளாறு என்றால் காரணத்தைத் தேடுங்கள். விறைப்பு குறைந்தவர், அது போய்விடுமோ என்ற பயத்தில் அவசரப்படுவார். அங்கே முதலில் விறைப்பைத்தான் சரிசெய்ய வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கணும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதும் புராஸ்டேட் அழற்சியும்கூட இதைக் கொண்டுவரும்.

கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வந்து இப்படி ஆனது என்று லாட்ஜில் ரூம் போட்டுச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். எத்தனை பையன்களின் நிம்மதியைக் கெடுத்த பொய் அது!

மார்ச் 8, சனி
இன்று பயிற்சி. ஜேம்ஸ் செமன்ஸ் என்ற மருத்துவர் 1956-ல் எழுதிய 'நிறுத்தித் தொடரும்' முறைதான் இன்றும் அடிப்படை.

முதலில் தனியாக, எண்ணெய் இல்லாத கையால். கிளர்ச்சிக்கு 1 முதல் 10 வரை மனதுக்குள் மதிப்பெண் போடுங்கள். 7 வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, 4-க்கு இறங்கும்வரை பொறுத்து மறுபடி தொடங்கலாம். மூன்று முறை நிறுத்தி, நாலாவது முறை விட்டுவிடுங்கள். வாரம் மூன்று நாள், 15 நிமிடம்.

பலருக்கும் இது பலிக்காமல் போவதற்குக் காரணம் ஒன்றுதான்: 9-ல் நிறுத்துகிறார்கள். "வரப்போகுது" என்று தெரிகிற நேரத்தில் அனிச்சைச் செயல் தொடங்கிவிட்டிருக்கும்; யாராலும் திருப்ப முடியாது. 7-ஐ உடம்பு காட்டிக்கொடுக்கும். மூச்சு மேலேயே நிற்கும், தொடையும் பிட்டமும் இறுகும், விதைகள் மேலே ஏறும். அப்போதே நிறுத்தி, வயிறு தளர நீளமாக மூச்சை விடுங்கள்.

இது பிடிபட்டதும் எண்ணெய் தடவிய கை, பிறகு மனைவியின் கை, அதன்பின் மனைவி மேலே இருக்க உள்ளே அசையாமல் சில நிமிடம், கடைசியாக மெதுவான அசைவு. எந்தப் படியையும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

மார்ச் 12, புதன்
இன்னொரு பயிற்சி. சிறுநீரைப் பாதியில் நிறுத்தும் தசை தெரியும்தானே? அதை 5 விநாடி இறுக்கி, 5 விநாடி முழுக்கத் தளர்த்துங்கள். பத்துப் பத்தாக, நாளுக்கு மூன்று முறை. பலன் தெரிய 12 வாரம்கூட ஆகும். வயிறும் பிட்டமும் சேர்ந்து இறுகினால் தப்பான தசை. தளர்த்துவதையும் அதே அக்கறையோடு பழகுங்கள்.

மார்ச் 15, சனி
மருந்து, டாக்டர் சீட்டோடு மட்டும். மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன்-பிரிலோகெய்ன் கிரீமைக் கொஞ்சமாக ஆண்குறி மொட்டில் தடவி, 20 நிமிடம் கழித்துக் கழுவிவிடணும். முக்கால் மணி நேரம் விட்டால் மரத்துப்போய் விறைப்பே இறங்கிவிடும். கழுவாமல் போனால் மனைவிக்கும் மரத்துப்போகும்.

விந்து வருவதைத் தள்ளிப்போடும் மாத்திரை டபோக்ஸிட்டின், 30 மில்லிகிராம்: உறவுக்கு 1 முதல் 3 மணி நேரம் முன்பு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. 24 மணி நேரத்தில் ஒன்றுதான். எழும்போது தலை சுற்றினால் உடனே படுத்துவிடுங்கள், மயக்கம் வரலாம். மது கூடாது. இதயக் கோளாறு உள்ளவர்களும் மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்களும் இதைத் தொடவே கூடாது.

மனச்சோர்வு மாத்திரைகளில் ஒன்றான, தினமும் எடுக்கும் பராக்ஸிட்டின் முழுதாக வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். திடீரென நிறுத்தக் கூடாது. டிரமடால் என்ற வலி மாத்திரை பக்கம் போகவே வேண்டாம், அடிமையாக்கிவிடும்.

மார்ச் 16, ஞாயிறு
மனைவியிடம் சொல்லாமல் பயிற்சி செய்தால் நடுவில் நிறுத்துவது அவருக்கு விலகலாகத்தான் தெரியும். பகலில், படுக்கைக்கு வெளியே பேசிவிடுங்கள். "நான் கையை அழுத்தினா அசையாம இரு, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றால் போதும். முந்திவிட்டாலும் திரும்பிப் படுத்துக்கொள்ளாதீர்கள். கையும் வாயும் இருக்கின்றன, அவருக்கு இன்னும் நேரம் வேண்டும்.