பீர்க்கு பூக்கும் நேரம்

ஆனி மாதக் கடைசியில் ஒரு மாலை. சாப்பாடு கொண்டுவந்த இளைஞரின் சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. வெளியே மழை பெய்து ஓய்ந்திருப்பதை அதைப் பார்த்துத்தான் அறிந்தேன். நான் இருப்பது சென்னையின் தென்புறத்தில், ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி. வேலை வீட்டிலிருந்தே. ஜன்னலுக்குத் திரை, அறைக்கு ஏசி, ஆண்டு முழுவதும் 24 டிகிரி. உப்பு முதல் ஊசி வரை கேட்ட கால் மணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிடும். எதற்கும் குறைவில்லை, எதிலும் மனம் தரிக்கவில்லை. படம் பார்க்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் வேறு படத்துக்குத் தாவுவேன். இப்படியே மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன. மழை வந்து போனதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று அன்று இரவு முழுக்க உறுத்தியது.

குடியிருப்போர் சங்கத்தில் கேட்டு, செடி வளர்க்க மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரோரமாகக் கொஞ்சம் இடம் வாங்கினேன். செடிப் பைகளை நடுமாடியில் குவிக்கக் கூடாது, செங்கல்மேல் ஏற்றி வைத்துத் தண்ணீர் வடிய வழி விட வேண்டும் என்றார்கள். நியாயமான நிபந்தனைகள்.

ஆடி 5 முதல் 17 வரை: மண்

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியைத் தொட்டியில் ஊற வைத்ததும் அது பொங்கி எழுந்து தொட்டியை நிறைத்துவிட்டது. அதை அப்படியே கலக்கக் கூடாது. அதிலுள்ள உப்பும் துவர்ப்புச் சத்தும் இளம் வேரைக் கெடுக்கும். முதல் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் வடிந்தது. நான்காம் முறைதான் வெளுத்தது. கலவையைக் கையாலேயே பிசைந்தேன். நகக்கண்ணில் ஏறிய செம்மண் இரண்டு நாள் போகவில்லை. விசைப்பலகையில் தட்டும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாள் ஈரம் காயாமல் கலவையை ஆற விட்டேன். புண்ணாக்கின் சூடு தணியாமல் விதை போட்டால் கருகிவிடும்.

ஆடி 18

கீழ்வீட்டுப் பாட்டிக்கு மன்னார்குடிப் பக்கம். மண் வந்திறங்கியதைப் பார்த்து, ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லியிருக்கிறார்களே, பதினெட்டாம் பெருக்கு அன்றே போட்டுவிடுங்கள் தம்பி என்று சொல்லி, ஒரு பழைய மாத்திரை டப்பாவிலிருந்து நான்கு பீர்க்கு விதைகளை எடுத்துக் கொடுத்தார். கருத்த, சொரசொரப்பான விதைகள். ஓர் இரவு ஊற வைத்து, ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றினேன். பக்கத்துப் பைகளில் தண்டுக்கீரையும் தக்காளியும்.

ஆடி 24

மூன்று முளைத்தன. ஒன்று விதைத்தோலைத் தலையில் சுமந்தபடியே மண்ணைப் பிளந்து நின்றது. அதை எடுத்துவிடக் கை பரபரத்தது, விட்டுவிட்டேன். மறுநாள் அதுவே உதிர்த்திருந்தது. நல்லதாக இரண்டை வைத்துக்கொண்டேன்.

ஆவணி

கீரை இருபத்தைந்தாம் நாள் அறுவடைக்கு வந்தது. தக்காளி பூத்ததெல்லாம் உதிர்ந்தது. சென்னையின் இரவு வெக்கைக்குத் தக்காளிப் பூ தாங்காது. அதை மார்கழி, தைக்குத் தள்ளிவிட்டேன்.

பீர்க்குக்கு மூங்கில் நட்டு, சணல் கயிறு கட்டிப் பந்தல் போட்டேன். காலையில் வெறுங்காற்றைத் துழாவிக்கொண்டிருந்த பற்றுக்கம்பி, மாலை நான் மேலே போவதற்குள் கயிற்றைச் சுற்றிச் சுருண்டிருக்கும். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே ஏறிப் பார்த்தாலும் மாற்றம் தெரிந்தது. சிவப்பு வண்டு வந்து இலைகளைச் சல்லடையாக்கியபோது, பாட்டி சொன்னபடி விடியற்காலை ஈரத்தோடு இலைமேல் அடுப்புச் சாம்பல் தூவினேன். மூன்று நாள் விடாமல் தூவியபின் குறைந்தது. சாம்பலுக்காகத் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் போய் நின்றேன். கரிப்பெட்டிச் சாம்பலை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். அவர் கடையைத் தாண்டி ஆறு ஆண்டுகளாகப் போய் வந்திருக்கிறேன். பேசியது அன்றுதான்.

புரட்டாசி 2 முதல் 10 வரை

ஆவணிக் கடைசியிலேயே ஆண்பூக்கள் கொத்தாக வரத் தொடங்கின. பீர்க்கு, புடல், பாகல் எல்லாவற்றிலும் ஆண்பூதான் முந்தும், பெண்பூ பிந்தும். பெண்பூ தனியாக, அடியில் விரல்நுனி அளவுக்குப் பிஞ்சோடு வரும். முதல் பெண்பூவைப் புரட்டாசி 2-ஆம் தேதி பார்த்தேன். நான்கு நாளில் அந்தப் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே போனது. மகரந்தம் சேரவில்லை என்று புரிந்து, கையாலேயே சேர்த்துவிடலாம் என்று காலை ஆறு மணிக்கு மேலே போனேன். பூக்கள் எல்லாம் வாடித் தொங்கின. மறுநாள் ஐந்தரைக்கே போனேன். அப்போதும் வாடித்தான் இருந்தன. செடிக்கு நோய் என்று நினைத்து மனம் ஒடிந்துபோனேன்.

பாட்டியிடம் சொன்னதும் அவர் முகத்தில் சிரிப்பு. பீர்க்கு அந்திப் பூ, காலையில் போய்த் தேடினால் எப்படிக் கிடைக்கும் என்றார். பூசணி காலையில் விரியும். பீர்க்கு மாலை ஐந்து மணிக்கு மேல் விரிந்து, இரவெல்லாம் திறந்திருந்து, விடியும்போது முடிந்துவிடும்.

அன்று 5.45-க்கு எனக்கு ஒரு கூட்டம். அதை மறுநாள் காலைக்கு மாற்றினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் சொந்தக் காரணத்துக்காக ஒரு கூட்டத்தை மாற்றியது அதுவே முதல்முறை. மாடிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தேன். வெயில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கியது. மொட்டின் நுனி நெகிழ்ந்தது முதலில் தெரிந்தது. பிறகு இதழ்கள் ஒவ்வொன்றாகச் சுருக்கம் விட்டு விரிந்தன. வெளிர்மஞ்சள், மெல்லிய மணம். பழந்தமிழ்ப் பாடல்கள் பசலைக்கு இந்தப் பூவை உவமை சொல்கின்றன. மாரிக்காலத்துப் பீர்க்கம்பூவின் நிறம் பிரிந்திருப்பவளின் நெற்றியில் படர்ந்ததாம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த செய்தி. அந்த நிறத்தை என் கண்ணால் பார்க்க இத்தனை வயதாகியிருக்கிறது.

ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மூன்று முறை மெல்லத் தொட்டு ஒற்றினேன். அன்று அப்படி இரண்டு பூ. இருட்டிய பிறகும் இறங்க மனம் வரவில்லை. ஏழு மணி வாக்கில் ஓர் அந்துப்பூச்சி வந்தது. சிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அடிக்க, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடித்தது. மூன்று மாடி உயரத்துக்கு இதற்கு யார் வழி சொன்னார்கள்?

தோட்டம் போட்டால் அமைதி கிடைக்கும் என்கிறார்கள். எனக்கு முதல் இரண்டு மாதம் கிடைத்தது கவலை: பூ உதிர்கிறதே, வண்டு தின்கிறதே என்று. அந்தக் கவலை இனிமையாக இருந்தது. என் வீட்டில் எல்லாம் எனக்காகக் காத்திருந்தன. படம், சாப்பாடு, குளிர்ந்த காற்று எல்லாமே எந்நேரமும் தயார். இந்தப் பூ மட்டும் காத்திருக்கவில்லை. நான்தான் அதன் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது.

அதன்பின் மாலை 5.30-க்கு மேல் அழைப்பு வேண்டாம் என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். யாரும் மறுக்கவில்லை.

புரட்டாசி 19

முதல் காய். ஏறக்குறைய ஓர் அடி நீளம். நகத்தால் அழுத்தினால் இறங்கும் பதத்திலேயே பறித்துவிட வேண்டும், விட்டால் நார் ஏறிவிடும். நறுக்கும்முன் நுனியைக் கடித்துப் பார்க்கச் சொன்னார் பாட்டி. கசந்தால் பேய்ப்பீர்க்கு, சமைக்கக் கூடாது. கசக்கவில்லை. கூட்டுக்குச் சதை, துவையலுக்குத் தோல். ஒரு கிண்ணம் கீழ்வீட்டுக்குப் போனது, ஒரு பொட்டலம் இஸ்திரிக்காரருக்கு.

ஐப்பசி

பழ ஈ தொல்லை. பிஞ்சில் துளையிட்டு முட்டை வைத்துவிடுகிறது, காய் கோணி அழுகுகிறது. நான்கு காய்கள் போயின. பூ வாடியதும் பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டத் தொடங்கினேன். மழையில் பை கிழிய, பழைய வேட்டித் துணியில் சிறு உறைகள் தைத்தேன். அவை தாங்கின. மாதம் முடிய இரண்டு கொடியிலுமாகப் பதினான்கு காய்கள் பறித்தேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய இரவில் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டேன். ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்து, பந்தல் தாங்குமா என்று விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மூங்கில் மட்டும் சாய்ந்திருந்தது.

கார்த்திகை 12

இலைகள் பழுக்கின்றன. பூ நின்றுவிட்டது. ஒரே ஒரு காயை மட்டும் விதைக்காகக் கொடியிலேயே விட்டிருக்கிறேன். பச்சை போய்ப் பழுப்பேறியிருக்கிறது. நன்றாகக் காய்ந்து நெற்றானால் ஆட்டும்போது உள்ளே விதை கலகலக்கும் என்றார் பாட்டி. அவருடைய மாத்திரை டப்பாவைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். இன்று மாலையும் மேலே போய்க் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். இன்னும் ஓசை வரவில்லை.