கொய்யா வாடினால் முதலில் வேரைப் பாருங்கள்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வீட்டோரம் நாலடி மண் கிடைத்தால், எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் முதலில் வைப்பது பெரும்பாலும் கொய்யாக் கன்றுதான். அந்த மரங்களில் சில அண்மைக் காலமாக இலை பழுத்து, நுனிக்கிளையிலிருந்து காய்ந்து, காய்கள் சிறுத்து இறுகிப் பட்டுப்போகின்றன. "மருந்து ஊத்தியும் கேக்கலையே தம்பி" என்று எதிர்வீட்டுக் கிருஷ்ணகிரி அக்கா வருந்தினார். அவர் ஊற்றியது பூஞ்சாணக்கொல்லி. பூஞ்சாணம் அங்கே இருந்தது உண்மைதான். ஆனால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது வேறொன்று: வேருக்குள் வாழும் நூற்புழு என்னும் நுண்ணிய புழு.

தூரிலிருந்து சற்றுத் தள்ளி மண்ணைக் கிளறி, சல்லிவேரை எடுத்துக் கழுவினோம். வேர் நெடுகிலும் மணி கோத்ததுபோல் முடிச்சுகள். ஒரு முடிச்சைப் பிளேடால் கீறி உருப்பெருக்கியில் பார்த்தபோது, குண்டூசித் தலையைவிடச் சிறிய, முத்து நிறப் பெண் நூற்புழு தெரிந்தது. பயறு வகைச் செடிகளின் நன்மை தரும் முடிச்சு நகத்தால் சுரண்டினால் உதிர்ந்துவிடும். இதுவோ வேரே வீங்கியிருப்பதால் தனியாகப் பிரியாது.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுப்புழு வேர்நுனியைத் துளைத்து உள்ளே தங்கி, சுற்றியுள்ள செல்களைத் தன் உணவுக்காகப் பன்மடங்கு பருக்க வைக்கிறது; ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இவ்வாறு நலிந்த வேருக்குள் பியூசேரியம் பூஞ்சாணம் எளிதில் புகுந்துவிடுகிறது. பருத்தியில் இந்த இரண்டின் கூட்டை அமெரிக்காவின் அலபாமாவில் ஜார்ஜ் அட்கின்சன் 1892-லேயே பதிவு செய்தார். கொய்யாவில் மெலாய்டோகைன் என்டரோலோபி என்னும் நூற்புழுவும் பியூசேரியம் சொலானியும் சேர்ந்தே மரத்தை வீழ்த்துகின்றன என்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தமிழ்நாட்டுக் கொய்யாத் தோப்புகளிலும் இதே புழு பரவியிருப்பதால், ஊரிலிருந்து பதியன் கொண்டுவரும் நம்மவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். பையிலுள்ள மண்ணோடுதான் இப்புழு பெரும்பாலும் ஊர் விட்டு ஊர் போகிறது. பையைக் கழற்றி வேரைக் காட்டத் தயங்கும் நர்சரியில் கன்று வாங்காதீர்கள்.

மண்ணிலுள்ள பூஞ்சாணம் எல்லாமே பகையல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பர்பூரியோசிலியம் லிலாசினம் நூற்புழுவின் முட்டைக்குள் புகுந்து அதை அழிக்கிறது. டிரைக்கோடெர்மா பியூசேரியத்தோடு போட்டியிட்டு அதை அடக்குகிறது. நம் ஊர் ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய நுண்ணுயிர்களை நூற்புழுவுக்கு எதிராகப் பயன்படுத்தும் முறைகளில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. இவற்றைத் தொழு உரத்திலும் வேப்பம் புண்ணாக்கிலும் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் இரண்டு வாரம் பெருகவிட்டு, பிறகு வேர்ப்பகுதியில் இடுவது வெறும் தூளைத் தூவுவதைவிடப் பலன் தரும். ஆனால் அதன் மேலேயே பூஞ்சாணக்கொல்லியை ஊற்றினால் நாம் வளர்த்த துணையையும் நாமே கொன்றுவிடுவோம்.

முற்றிலும் வாடிய மரத்தை இவை மீட்பதில்லை. அதை வேரோடு அகற்றிவிடுவதே நல்லது. அந்தக் குழியில் உடனே கொய்யா வைக்காதீர்கள்; தக்காளி, கத்திரியும் வேண்டாம், அவையும் இப்புழுவுக்கு இரையாகும். அங்கே கிளறிய மண்வெட்டியைக் கழுவிய பிறகே அடுத்த மரத்தடிக்குக் கொண்டுபோங்கள்.